விளையாட்டு விலங்காகும் போது...

 



ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின், பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா அறையில் அமர்ந்திருந்தோம். ஒரு தாய் தம் அண்ணனை அழைத்துக்கொண்டு நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

“ஹஜ்ரத்! என் மகனுக்கு இதில் ஓதி ஊதித் தர வேண்டும். 17 வயதாகிறது. இரவெல்லாம் தூங்குவதில்லை. இருட்டறையில் தனியாக உட்கார்ந்து யாரிடமோ பேசுகிறான். ‘வர்றான், வர்றான், சுடு!’ என்று கத்துகிறான். சோற்றை எடுத்து வைத்தால் திரும்பியும் பார்ப்பதில்லை. காற்றுக் கருப்பு ஏதோ பட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்” என்றார். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

பையனின் வாப்பா சபுராளி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வளைகுடாவிலிருந்து வந்து போகிறவர். கூட வந்த மாமாதான் விஷயத்தை விளக்கினார். பையனைப் பிடித்தது ஜின்னும் அல்ல, பேயும் அல்ல. காதில் ஹெட்போன், கையில் செல்போன். அவன் பேசியதெல்லாம் எங்கெங்கோ இருந்துகொண்டு அவனோடு வீடியோ கேம் ஆடும் பையன்களிடம்!

தண்ணீரில் ஓதிக் கொடுத்து அனுப்பினோம். ஆனால் அந்தத் தாய் வாசல்படியில் நின்று கேட்ட கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை: “இது பாவமா ஹஜ்ரத், நோயா? பாவமென்றால் அடிக்கலாம். நோயென்றால் எங்கே கொண்டு போவது?”

இந்தக் கேள்விக்கு அன்று நம்மிடம் பதில் இல்லை. இக்கட்டுரை அந்தத் தாய்க்கும், அவரைப்போல் சொல்ல முடியாமல் தவிக்கும் மற்றத் தாய்மார்களுக்கும் நாம் காலம் கடந்து சொல்லும் பதிலாகும். அவருடைய சம்மதத்தைப் பெற்று, இன்னார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.

நாம் செய்த பிழை

பதில் தெரியாதவன் மௌனமாக இருந்திருக்க வேண்டும். நாம் அப்படி இருக்கவில்லை. அடுத்த ஜும்ஆவில் மிம்பர் படியில் நின்றுகொண்டு, செல்போனும் கையுமாகத் திரியும் இளைஞர்களைக் கடுமையாகச் சாடினோம். தொழுகையை விட்டு விளையாட்டில் கிடப்பவர்கள் ஷைத்தானின் கூட்டாளிகள், பெற்றவர்களுக்குப் பாரம், சமுதாயத்திற்குக் கேடு என்றெல்லாம் முழங்கினோம். பெயர் சொல்லவில்லை, ஆனால் ஊருக்கு ஆள் தெரியும். பின் ஸஃப்பில் இருந்த அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர்கள் பலர், பேச்சு பிரமாதம் என்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

விளைவு என்ன? அதுவரை ஜும்ஆவுக்காவது வந்துகொண்டிருந்தவன் அதற்கும் வராமல் நின்றுவிட்டான்!

அதே மாதத்தில் விடுமுறையில் வந்த வாப்பா, ஆத்திரத்தில் செல்போனைத் தரையில் அடித்து நொறுக்கினார். பையன் இரண்டு நாள் அன்னம் ஆகாரமின்றி அறையைப் பூட்டிக்கொண்டான். மூன்றாம் நாள் உம்மாவின் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்து, யாரிடமோ ஒரு பழைய செல்போனை வாங்கிக்கொண்டான். அதற்கு முன் அவன் திருடியதே இல்லை.

அந்த நாள்களில்தான், எத்தனையோ முறை நாம் ஓதியும் ஓதிக் கொடுத்தும் இருந்த ஒரு ஹதீஸ் புதிதாக நம் கண்ணில் பட்டது. புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொருவர். ஹிமார் என்பது அவருடைய பட்டப் பெயர். வேடிக்கையாகப் பேசி நாயகத்தைச் சிரிக்க வைப்பவர். அவரிடம் மதுப் பழக்கம் இருந்தது. அதற்காகத் தண்டனையும் பெற்றார், மீண்டும் குடித்தார், மீண்டும் கொண்டுவரப்பட்டார். அப்போது ஒருவர், எத்தனை தடவைதான் இவனைக் கொண்டுவருவது என்று சொல்லி அவரைச் சபித்தார். உடனே நாயகம் (ஸல்) அவர்கள் சபிக்க வேண்டாமென்று தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்பதையே தாம் அறிந்திருப்பதாகச் சொன்னார்கள். இதுபோன்ற மற்றோர் அறிவிப்பில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவியாளர்களாகி விடாதீர்கள் என்ற கருத்தும் வந்துள்ளது.

சகோதரர்களே! இதைக் கவனியுங்கள். தண்டனை நீக்கப்படவில்லை, குற்றம் குற்றமில்லை என்று ஆக்கப்படவுமில்லை. ஆனால் விட நினைத்தும் விட முடியாமல் விழுந்து விழுந்து எழுகின்ற ஓர் அடியானின் உள்ளத்தில் ஈமானின் நேசம் உயிரோடிருக்கிறது என்று நபியவர்கள் சாட்சி சொன்னார்கள். நாமோ மிம்பரில் நின்று ஷைத்தானுக்கு உதவி செய்துவிட்டோம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக!

விளையாடுவதே குற்றமா?

இல்லை. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெருநாள் தினத்தில் ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்கு அதைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். அன்னையாரோடு ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள். அபூ உமைர் என்ற சிறுவரின் செல்லக் குருவி இறந்தபோது அந்தக் குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். ஓதிவிட்டு வரும் பிள்ளையை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், ஓயாமல் படிப்பிலேயே வாட்டினால் அவனுடைய உள்ளம் செத்து அறிவு மழுங்கிவிடும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எச்சரிக்கிறார்கள்.

நாமும் மதரஸாவில் ஓதிய நாளில் அஸருக்குப் பின் பந்தாடியவர்களே. ஓர் உஸ்தாதின் நோக்கியா செல்போனில் பாம்பு விளையாட்டை அவர் அறியாமல் ஆடியதும் உண்டு. பாம்பு தன் வாலைத் தானே கடித்தால் ஆட்டம் முடிந்தது. செல்போன் இருந்த இடத்திற்குத் திரும்பிவிடும்.

சூதாட்டம், ஆபாசம் போன்றவை கலந்த விளையாட்டுகள் எப்படியும் ஹராம்தான், அதில் பேச்சில்லை. நாம் இங்கே சொல்ல வருவது, அவை எதுவும் கலவாத ஆட்டம்கூட ஒரு மனிதனுக்கு எப்போது விலங்காகிறது என்பதையே.

அடையாளம் காண்பது எப்படி?

உலக சுகாதார ஸ்தாபனம் நோய்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் பதினோராவது பதிப்பை உலக நாடுகள் 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டன. 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதில் வீடியோ விளையாட்டுக் கோளாறும் ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. ஆடுகிற எல்லோரும் நோயாளிகள் அல்லர். அவர்களில் ஒரு சிறு பகுதியினரே இதற்கு ஆளாகிறார்கள். அவர்களை அறிந்துகொள்ள மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டுள்ளன.

ஒன்று: கட்டுப்பாடு கைநழுவுதல். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம் ஆடுவது, எப்போது நிறுத்துவது என்பது அவன் கையில் இல்லாமல் போகிறது.

இரண்டு: விளையாட்டு முதலிடத்தைப் பிடித்துக்கொள்ளுதல். உணவு, உறக்கம், படிப்பு, உறவு, பிடித்த மற்றக் காரியங்கள் எல்லாம் அதற்குப் பின்னால் தள்ளப்படுகின்றன.

மூன்று: கேடு வந்துவிட்டது என்று கண்ணால் கண்ட பின்னும் தொடர்தல், அல்லது முன்னிலும் அதிகமாக்குதல்.

இந்த மூன்றும் சேர்ந்து, படிப்பையோ வேலையையோ குடும்பத்தையோ பெரிதும் பாதித்து, சாதாரணமாக ஓர் ஆண்டுக் காலம் நீடித்தால் அது நோய். மிகக் கடுமையாக இருந்தால் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனித்தீர்களா? இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று எங்கும் கணக்குச் சொல்லவில்லை. விடுமுறையில் ஒருநாள் முழுக்க ஆடிவிட்டு மறுநாள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகும் பையன் இருக்கிறான். இரண்டே மணி நேரம் ஆடினாலும் அதற்காகப் பொய் சொல்லி, பணம் எடுத்து, உம்மாவிடம் எரிந்து விழுகிறவனும் இருக்கிறான். ஆகவே எவ்வளவு ஆடினான் என்று பார்ப்பதைவிட, அதற்காக எதை விட்டான் என்று பாருங்கள்!

விளையாட்டு முதலிடத்திற்கு வந்தால் எதுவரை போகும் என்பதற்கு உலகம் கண்ட ஓர் உதாரணம் உண்டு. தென் கொரியாவில் 2009-ஆம் ஆண்டு ஒரு கணவனும் மனைவியும் இரவுதோறும் கம்ப்யூட்டர் கூடத்திற்குப் போய், திரையில் தோன்றும் ஒரு கற்பனைப் பெண் குழந்தையை வளர்க்கும் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தார்கள். வீட்டில் அவர்களுக்குப் பிறந்த மூன்று மாதப் பச்சிளம் குழந்தை பட்டினியால் இறந்துபோனது. 2010-இல் அவர்கள் கைதானார்கள். நிழலுக்குச் சோறூட்டி நிஜத்தைப் பட்டினி போட்டார்கள்! அவர்கள் பிறவிக் கொடியவர்கள் என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எந்த வரிசை அவர்கள் வீட்டில் தலைகீழானதோ, அந்த வரிசை நம் வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

அப்படிப் பார்ப்பதற்கு முஸ்லிமாகிய நமக்கு ஒரு தராசு தரப்பட்டிருக்கிறது. அதுதான் ஐவேளைத் தொழுகை. மதுவாலும் சூதாலும் ஷைத்தான் விரும்புவது என்ன என்பதை மாயிதா சூராவின் 91-ஆம் வசனத்தில் அல்லாஹுத் தஆலா சொல்லிக் காட்டுகிறான்: உங்களுக்கிடையில் பகையை மூட்டுவதும், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுப்பதும்தான். வீட்டில் சண்டை, வக்தில் தவறுதல் — எந்தப் பழக்கம் இவ்விரண்டையும் கொண்டு வருகிறதோ அதனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை அறிவுடையோர் விளங்கிக்கொள்வார்கள்.

எனவே தம்பிமார்களே, பிறர் உங்களைக் கேட்பதற்கு முன் நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள்:

1. பாங்கு சப்தம் கேட்கும்போது கை செல்போனை வைக்கிறதா, அல்லது ஹெட்போனின் சப்தத்தைக் கூட்டுகிறதா?

2. தொழுகையில் நிற்கும்போது கண்ணுக்குள் ஓடுவது என்ன?

3. ‘இன்னும் ஓர் ஆட்டம்’ என்று சொன்ன பின் எத்தனை ஆட்டம் ஆடினீர்கள்?

4. எவ்வளவு நேரம் ஆடினீர்கள், எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதில் பெற்றோரிடம் பொய் சொல்கிறீர்களா?

5. ஒருநாள் செல்போன் இல்லையென்றால் காரணமின்றி எரிச்சலும், சோர்வும், தூக்கமின்மையும் வருகின்றனவா?

6. துக்கம் வந்தால் ஓடிப்போய் ஒளிந்துகொள்ள அதைத் தவிர வேறு இடம் இருக்கிறதா?

பெற்றோர்களே! இந்தக் கேள்விகளை முதலில் உங்கள் செல்போனை வைத்து உங்களையே கேட்டுக்கொண்டு, அதன் பிறகு பிள்ளையிடம் போங்கள்.

விட முடியாதது ஏன்?

மனஉறுதி இல்லாதவன் என்று பிள்ளையை ஏசுகிறோம். அவன் எதிரே நிற்பது எத்தகைய ஏற்பாடு என்று நமக்குத் தெரிவதில்லை. 

நம் காலத்துப் பாம்பு விளையாட்டுக்கு முடிவு இருந்தது. இன்றைய ஆட்டங்கள் பலவற்றுக்கு முடிவே இல்லை. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை பிழைத்திருப்பவர் ஜெயிக்கிறார். கடைசிவரை நின்றால் ஏறக்குறைய அரைமணி நேரம். நடுவில் நிறுத்தி வைக்க முடியாது; எழுந்து போனால் கூட ஆடுகிற மூவரும் தோற்பார்கள். தோற்றால் அடுத்ததில் ஜெயிக்கலாம் என்ற ஆசை. ஜெயித்தால் இன்னும் ஜெயிக்கலாம் என்ற ஆசை. தினமும் வந்து போனால் ஒரு பரிசு. ஒருநாள் வராவிட்டால் அது போயிற்று. சில மாதங்கள் உழைத்து ஏறிய தரவரிசை, பருவம் முடிந்ததும் கீழே இறக்கப்படும். மறுபடியும் ஏற வேண்டும்.

அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்தார். கொத்தும்போதெல்லாம் தவறாமல் தீனி கிடைத்து வந்த புறா, தீனி நின்றதும் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிட்டது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், சில கொத்தலுக்கு மட்டும் தீனி பெற்ற புறாவோ ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது. 1998-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள், வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்தவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். ஆசைக்கும் பரிசுக்கும் துணை நிற்கும் டோபமைன் என்ற ரசாயனம் ஆட்டத்தின்போது சுரப்பதைக் கண்டார்கள். அல்லாஹ் நமக்கு உழைக்கவும் தேடவும் தந்த அந்த ஆசையைத்தான் வியாபாரிகள் கொக்கி போட்டு இழுக்கிறார்கள்.

காசு கொடுத்துத் திறக்கும் ‘அதிர்ஷ்டப் பெட்டி’களும் சில ஆட்டங்களில் உண்டு. உள்ளே என்ன வரும் என்று தெரியாது. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்புத் துறை இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு, கிடைப்பது எது என்பதை அதிர்ஷ்டத்திடம் விடுவது மைஸிரின் வாடை வீசும் காரியம். உம்மாவின் வங்கிக் கணக்கு பிள்ளையின் செல்போனில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் வெளியிலிருந்து இழுக்கும் கயிறு. உள்ளிருந்து தள்ளுவது எது? இதை நாம் அந்தப் பையனிடமே கற்றுக்கொண்டோம்.

ஒரு நாள் மாலை அவன் வீட்டுக்குப் போனோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். அவன் பேசவில்லை. “அந்த ஆட்டத்தை நமக்கும் கற்றுக் கொடுங்கள் தம்பி” என்று பக்கத்தில் உட்கார்ந்தோம். செல்போனை நம் கையில் கொடுத்தான். இரண்டே நிமிடத்தில் நாம் சுடப்பட்டு ‘மவுத்’தானோம். பையன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அடுப்படியிலிருந்து ஓடிவந்த உம்மா, அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பல மாதமாயிற்று என்றார்.

பிறகு மெள்ளப் பேசினான். பத்தாம் வகுப்பு வரை முதல் மூன்று இடத்தில் இருந்தவன். பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடம் மாறி, பாடம் புரியாமல் பின்தங்கினான். வகுப்பில் எல்லோர் முன்னும் ஏளனம். வாப்பாவிடம் சொன்னால் கஷ்டப்படுவார் என்று மறைத்தான். விளையாட்டில் மட்டும் அவன்தான் தலைவன். கடைசியில் அவன் சொன்ன வார்த்தை நம் நெஞ்சில் தைத்தது:

“ராத்திரி பத்து மணிக்கு அங்கே மூன்று பேர் எனக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறார்கள் ஹஜ்ரத். இங்கே எனக்காக யார் காத்திருக்கிறார்கள்?”

பள்ளிவாசலின் இமாம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மிடம் இதற்கு என்ன பதில் இருக்கிறது?

படிப்படியாக...

தடை போட்டால் தீர்ந்துவிடும் என்று அரசாங்கங்களும் முயன்று பார்த்துவிட்டன. தென் கொரியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கம்ப்யூட்டரில் ஆன்லைன் ஆட்டங்கள் ஆடக்கூடாதென்று 2011-இல் சட்டம் வந்தது. 2022-இல் அதை அவர்களே நீக்கிவிட்டார்கள். சீனாவில் 18 வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே ஆடலாம் என்று 2021-இல் விதித்தார்கள். நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டே அதே வகை ஆட்டம் வேறு பெயரில் வந்து சேர்ந்தது. சட்டம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வெளியே போடும் வேலி, உள்ளே வேலி இல்லாதவனுக்குப் போதாது என்கிறோம்.

மது விஷயத்தில் அல்லாஹ் தன் அடியார்களை எப்படி நடத்தினான் என்று சற்றே சிந்தியுங்கள். முதலில், அதில் சில பயன்கள் உண்டாயினும் பாவமே பெரிது என்று பகரா சூராவில் அறிவைத் திறந்தான். அடுத்து, போதையில் இருக்கும்போது தொழுகையை நெருங்காதீர்கள் என்று நிஸா சூராவில் ஏவினான். ஐந்து வக்துக்கும் தெளிவோடு நிற்க வேண்டுமென்றால் பகலில் குடிக்க நேரம் ஏது? இஷாவுக்குப் பின் உள்ள சொற்ப நேரமே மிஞ்சியது. இவ்வாறு உடலும் உள்ளமும் பழகிய பின்னரே, விலகிக்கொள்கிறீர்களா என்று மாயிதா சூராவில் கேட்டான். விலகிவிட்டோம் என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். மதீனாவின் தெருக்களில் மது ஆறாக ஓடியது! முதலாவதாகவே மது அருந்தாதீர்கள் என்று இறங்கியிருந்தால், ஒருபோதும் விடமாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது.

சபிக்காமை, அறிவூட்டல், தொழுகையைக் கொண்டு வேலியிடல், பிறகு விலக்கல். இதுவே வழி. அந்தப் பையனோடு நாம் பேசி முடிவு செய்தவற்றைச் சொல்கிறோம். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் ஒரே ஒரு நிபந்தனை: எந்தப் பாங்குக்கும் முன்னுள்ள அரைமணி நேரத்தில் புது ஆட்டம் தொடங்கக் கூடாது. தொடங்கிய ஆட்டத்தைப் பாதியில் பிடுங்குவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

இரண்டாம் வாரம்: இஷாவுக்குப் பின் ஓர் ஆட்டம், அதன்பின் செல்போன் உம்மாவின் அறைக்குப் போய்விட வேண்டும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பாததன் ஹிக்மத் இந்தக் காலத்தில்தான் நமக்கு நன்றாக விளங்குகிறது. உம்மாவின் செல்போனும் அதே நேரத்தில் அணைய வேண்டுமென்று பையன் நிபந்தனை போட்டான். நியாயம்தானே? ஏற்றுக்கொண்டார்.

மூன்றாம் வாரம்: அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் மைதானம். பிடுங்கிய இடத்தில் வேறொன்றை நடாவிட்டால் களைதான் முளைக்கும். மதரஸா மாணவர்களின் பந்தாட்டத்தில் அவனைச் சேர்த்தோம்.

நடுவில் சறுக்கல்கள் இல்லையா? இருந்தன. ஒரு வாரம் பழையபடி விடிய விடிய ஆடினான். பொய்யும் சொன்னான். ஹிமார் என்ற அந்த ஸஹாபியும் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டார் என்பதை நினைவூட்டி, அந்தத் தாயையும் நம்மையும் தேற்றிக்கொண்டோம்.

மருத்துவமும் சுன்னத்தே

ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தை இறக்காமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்பது நபிமொழியின் கருத்து. மனநோய்க்கும் அது பொருந்தும். இந்த அடிமைத்தனத்தோடு மனச்சோர்வு, பதற்றம், கவனக் குறைபாடு ஆகியவை சேர்ந்தே இருப்பது அதிகம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் செல்போன், வீடியோ கேம் அடிமைத்தனத்திற்கென்றே 2014 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்கி வருகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416, தமிழிலேயே பேசலாம். பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, ஊர் என்ன சொல்லுமோ என்று ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நம் பையனையும் மாமா அழைத்துப் போனார். மருத்துவர் சோதித்து, மனச்சோர்வு இருப்பதைச் சொல்லிச் சிகிச்சை கொடுத்தார். இருட்டறையில் கிடந்தது கெட்ட பிள்ளை அல்ல, வாடிய பிள்ளை என்று வாப்பாவுக்கும் அப்போதுதான் புரிந்தது. இப்போது அவர் இரவுதோறும் வளைகுடாவிலிருந்து அழைத்து, தொழுதாயா என்று கேட்கும் முன், சாப்பிட்டாயா, இன்றைக்குப் பந்தாட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்கிறார்.

ஆகவே, அந்தத் தாயின் கேள்விக்கு நம் பதில் இது: பாவமும் உண்டு அம்மா, நோயும் உண்டு. தொழுகையைப் பாழாக்கியதற்குத் தவ்பாவும் களாவும். கட்டுண்ட உள்ளத்துக்குச் சிகிச்சையும் அன்பும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பாதிக் கதவுதான் திறக்கும்.

இமாம்களே, ஜமாஅத் தலைவர்களே! உங்கள் மஹல்லாவில் எத்தனை பையன்கள் பள்ளிவாசலுக்கு வராமல் நின்றுவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரையாவது தேடிப்போய், உங்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

அந்தப் பையன் இப்போது அஸருக்கும் மஃரிபுக்கும் ஒழுங்காக வருகிறான். சுபுஹுக்கு எல்லா நாளும் வருவதில்லை. செல்போன் முழுதாகக் கையை விட்டுப் போகவுமில்லை. ஆனால் அஸருக்கு இகாமத் சொல்லும் முன் நாம் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்க்கிறோம். நாம் பார்ப்பது அவனுக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வருகிறான்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் இளமையையும் ஓய்வையும் நீ கேள்வி கேட்கும் நாளில் அவர்களை வெட்கப்பட வைத்துவிடாதே. கட்டுண்டவர்களின் கட்டுகளை அவிழ்ப்பாயாக! அவர்களைத் தூற்றிய எங்கள் நாவுகளை மன்னிப்பாயாக! எங்கள் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் அவர்களுக்காகக் காத்திருக்கும் இடங்களாக ஆக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!

வஸ்ஸலாம்.